மஞ்சள் கல் நடுவதற்கு முன்னால்: ஊருக்குள் மனைப்பிரிவு வந்தால் மன்றத்திலும் கிராம சபையிலும் பேசுவது எப்படி

லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்து வருஷம் நான்காவது வார்டு உறுப்பினராக இருந்தேன். 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றோம், 2025 ஜனவரி 5-ஓடு எங்கள் காலம் முடிந்தது. தொழில் தையல். ஊரில் பாதி வீட்டு ஜாக்கெட் என் மெஷினில் தைத்ததுதான். சட்டம் படித்தவள் இல்லை. எங்கள் மன்றத்துக்கு ஒரு மனைப்பிரிவு விவகாரம், அதாவது வயலை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கிற விவகாரம், வந்தபோது ஒன்றும் தெரியாமல் இறங்கி, முதல் தடவை சொதப்பி, இரண்டாம் தடவை கொஞ்சம் உருப்படியாகச் செய்தோம். இப்போது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து, "அக்கா, எங்க ஊர்லயும் கல்லு நடுறாங்க, என்ன செய்யறது?" என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை.

ஊருக்குள் புது வீடே வரக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் பையனுக்கே நாளைக்கு ஒரு மனை வேண்டும். கீழத்தெருவில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது. எத்தனை மனை, குடிதண்ணீர் எங்கிருந்து, மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும், பொது இடம் எவ்வளவு என்பதுதான் நாங்கள் போட்ட சண்டை.

எப்போது விழித்துக்கொள்ள வேண்டும்

மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லும், செம்மண் அடித்த ரோடும், "ஸ்ரீ" என்று தொடங்கும் ஒரு நகர் போர்டும் வந்த பிறகு ஓடினால் பாதி வேலை முடிந்துபோயிருக்கும். எங்கள் ஊரில் அய்யன் வாய்க்கால் பாசனத்தில் 6 ஏக்கர் 40 சென்ட். நெல்லும் வாழையும் மாறி மாறி நின்ற இடம். இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தது. "ஆள் கிடைக்கலை" என்றார்கள், நம்பினோம். அப்புறம் ஒரு நாள் மன்றக் கூட்டப் பொருள் நிரலில் கடைசி வரியாக ஒன்று வந்தது: மனைப்பிரிவுச் சாலைகளை ஊராட்சிக்குத் தானமாகப் பெறுதல். கூட்டத்தில் தலைவர் சிரித்துக்கொண்டே, "ரோடு சும்மா குடுக்குறாங்க, வேண்டாம்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. நல்ல வேளையாக அன்றைக்குக் காகிதம் முழுசாக இல்லாததால் தள்ளிப் போனது.

இந்த வரியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "மனைப்பிரிவுக்கு அனுமதி" என்று கொட்டை எழுத்தில் எங்கும் வராது. சாலை ஒப்படைப்பு, பூங்கா இடம் ஒப்படைப்பு, தடையின்மைச் சான்று, "இதரப் பொருள்" என்றுதான் வரும். பெரிய நிலம் காரணமில்லாமல் இரண்டு போகம் சும்மா கிடந்தாலோ, வெளியூர் காரில் வந்து யாராவது வாய்க்கால் கரையில் நின்று கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாலோ, அன்றைக்கே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

யார் கையில் என்ன இருக்கிறது

இதில்தான் எல்லாரும் குழம்புகிறோம். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மனை அங்கீகாரம் ஆகிவிடும் என்று ஒரு காலத்தில் ஊரே நம்பியது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லியே எத்தனையோ மனை விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் ஆட்டம் நின்றது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தனியாக விதி வந்தது. புதிதாகப் போடுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது புது மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுப்பது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லாரும் சொல்லும் டி.டி.சி.பி. அதற்குப் பிறகு சாலையையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் போட்டு ஊராட்சிக்குக் கொடுத்தால்தான் ஊராட்சி இறுதி அனுமதி கொடுக்கும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை மாற்றுவதற்கு 2017-ஆம் வருஷத்து விதிகள் தனியாக இருக்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை, நீர்வளத் துறை என்று ஒவ்வொன்றும் கருத்து எழுத வேண்டும். உங்கள் ஊர் திட்டப் பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதை அதில்தான் பிரிகிறது. எங்கள் ஊர் வெளியே.

ஆக ஊராட்சி மன்றத்துக்கு "முடியாது" என்று மறித்து நிற்கும் அதிகாரம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. கிராம சபைக்கும் அப்படித்தான். இன்னொன்றும் சொல்கிறேன், மனசு உடைய வேண்டாம். ஊராட்சிகள் சட்டம் 202-ஆம் பிரிவின்படி, அதிகாரத்தை மீறிப் போட்ட தீர்மானத்தை ஆட்சியர் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதனால் "எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் மனைப்பிரிவு கூடாது" என்று வீராவேசமாக எழுதினால் அது ஒரு கடிதத்தில் அடிபட்டுப் போகும். விதியில் இருக்கிற ஒன்றைக் காட்டி, இந்த இடத்தில் அது மீறப்படுகிறது என்று எழுதினால் யாராவது ஒருத்தர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் தடவை வீராவேசத்தைத்தான் எழுதினோம். 2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில் பெண்களெல்லாம் எழுந்து நின்று சத்தம் போட்டோம். "விவசாய நிலங்களில் மனைப்பிரிவு அமைக்க இக்கிராம சபை கடும் எதிர்ப்பைத் தெரிவிக்கிறது" என்று தீர்மானம். கை தட்டினோம், வடை சாப்பிட்டோம். ஒரு மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து விதிகளின்படி பரிசீலிக்கப்படும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவ்வளவுதான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள்

ஆகஸ்ட் கூட்டத்துக்கும் அக்டோபர் 2 கிராம சபைக்கும் நடுவே ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. அதில் செய்த வேலைதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

வேண்டியது நாலு காகிதம். கிராம வரைபடம், அந்த சர்வே எண்களின் புலப்படம் (எஃப்.எம்.பி. என்கிற நில அளவுப் படம்), அ-பதிவேடு, பட்டா. பட்டாவும் புலப்படமும் அ-பதிவேடும் அரசின் இணைய சேவையிலேயே கிடைக்கும். கிராம வரைபடம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருக்கும், போய்ப் பார்க்கலாம். அ-பதிவேட்டில் எந்த எண் புறம்போக்கு, அது வாய்க்காலா, பாதையா, களமா என்று எழுதியிருக்கும். புலப்படத்தில் அளவு மீட்டரில் இருக்கும். முதலில் பார்க்கும்போது எனக்கு அது ஜாக்கெட் பேட்டர்ன் மாதிரித்தான் தெரிந்தது. ஒரு சாய்கோடு, அதிலிருந்து அங்கங்கே குறுக்குக் கோடு. பழகினால் புரியும்.

அந்த நிலத்துக்கு நடுவில் ஒரு வடிகால் போகிறது. மேலே இருக்கும் வயல்களின் மிச்சத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதில்தான் வடியும். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாண்டிக் குதிக்க முடியாது, இறங்கித்தான் ஏறுவோம். புலப்படத்தில் அகலம் 4.2 மீட்டர். ஒரு விடியற்காலையில் நானும் ஆறாவது வார்டு அத்தாச்சியும், வாய்க்கால் பாய்ச்சுகிற பெரியப்பாவும் போனோம். சர்வேயர் சங்கிலி எங்கே கிடைக்கும்? என் தையல் டேப்பைத்தான் எடுத்துப் போனேன். அது 60 அங்குலம், அதாவது 5 அடி. இரண்டு கரைக்கும் பிடித்துப் பார்த்தால், ஒரு டேப் போதும். மிச்சம் ஒரு விரல் அளவு தொங்கியது. 4.2 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 13 அடி 9 அங்குலம். பெரியப்பா ஒன்றும் பேசாமல் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாம்பளே வருஷா வருஷம் வரப்பு வெட்டி வெட்டிக் குறைச்சதுதாம்மா பாதி" என்றார். அதுவும் உண்மைதான். அதையும் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னோம்.

மனை போடுகிற புரமோட்டர் கொடுத்திருந்த வரைபடத்தில் அந்த வடிகாலின் குறுக்கே மூன்று இடத்தில் ரோடு போகிறது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய். ஐப்பசி மழையில் அந்த ஒரு அடிக்குள் ஊர்த் தண்ணீர் போகுமா? போகாது, பின்னால் தேங்கும். பின்னால் இருப்பது கீழத்தெரு. பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பிரச்சினையாகவே தெரியவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது கொஞ்சம் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இடத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: வாய்க்கால், வடிகால், வண்டிப்பாதை, சுடுகாட்டுப் பாதை, களத்துமேடு. பாதை விஷயத்தை ஆண்கள் உடனே பிடித்துவிடுவார்கள். வடிகாலை யாரும் கவனிப்பதில்லை, வேட்டி நனையும்போதுதான் நினைவுக்கு வரும். பக்கத்தில் ஏரியோ குளமோ இருந்தால் அது யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்) என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. தப்பான இடத்தில் மனு கொடுத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பம் உடைந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்

இதை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். ஒரே இடம், ஒரே நுழைவு, ஒரே போர்டு. ஆனால் விண்ணப்பம் மூன்று. ஒன்று 2 ஏக்கர் 40 சென்ட், ஒன்று 2 ஏக்கர் 10 சென்ட், ஒன்று 1 ஏக்கர் 90 சென்ட். மூன்றும் வேறு வேறு பெயரில்.

எதற்கு இப்படி? 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்த்தால் தெரியும். மனை இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டருக்குள் என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் 2 ஏக்கர் 47 சென்ட். மூன்று துண்டும் அதற்குக் கீழே! நலிந்த பிரிவினருக்கென்று 10 சதவீத இடத்தில் சின்ன மனைகள் ஒதுக்குவதும் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான்.

மொத்தமாகச் சேர்த்துப் பாருங்கள். 6 ஏக்கர் 40 சென்ட்டில் சாலைக்கு 30 சதவீதம் போனதாக வைத்தால் மிச்சம் 4 ஏக்கர் 48 சென்ட். அதில் பத்தில் ஒன்று சுமார் 45 சென்ட். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற, ஒரு தண்ணீர்த் தொட்டியும் அங்கன்வாடியும் பக்கத்திலேயே யோசிக்கிற அளவு இடம். மூன்றாக உடைத்தால் அது பணமாக மாறிக் காணாமல் போய்விடும். இதை நான் கூட்டத்தில் ஏக்கர், சென்ட் என்று சொன்னதும்தான் தலைவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அதுவரை சதுர மீட்டரில் பேசிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் தைக்கவில்லை. ஊரில் பேசும்போது ஊர் அளவில் பேசுங்கள், எழுதும்போது சதுர மீட்டரில் எழுதுங்கள்.

கூட்டத்தில் பேசுவது

ஊராட்சி மன்றக் கூட்டம் வேறு, கிராம சபை வேறு. மன்றத்தில் தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான். கிராம சபையில் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை. மார்ச்சும் நவம்பரும் 2022-இல்தான் சேர்ந்தன. குறைவெண் என்று ஒன்று உண்டு. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எங்கள் ஊர் 1,900 பேர், அதனால் 100 பேர் வர வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை அப்படியே கூட்டி உட்கார வைத்துக் கணக்குக் காட்டுவது வழக்கம். அவர்களையே முன்கூட்டிப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். உட்கார வைத்தவர்களுக்கே அன்றைக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பொருளை முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் "நேரமில்லை" என்று முடித்துவிடுவார்கள். தலைவருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, உங்களிடம் ஒப்புகையோடு ஒன்று. கூட்டத்தைப் பார்க்க ஒன்றியத்திலிருந்து வரும் அதிகாரியான பற்றாளரிடமும் அன்றைக்குக் காலையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அவர் பெரும்பாலும் ஊருக்குப் புதுசு, பக்கத்தில் உட்கார்ந்து டீ கொடுத்துச் சொன்னால் கேட்பார்.

பேசும்போது அழுகை, ஆத்திரம், சாபம் வேண்டாம். நான் எல்லாமும் செய்து பார்த்தவள். கணக்குதான் நிற்கும். அக்டோபர் 2 அன்று நான் சொன்ன தண்ணீர்க் கணக்கு இது. 118 மனை. வீட்டுக்கு 4 பேர் என்றால் 472 பேர். ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். மொத்தம் 25,960 லிட்டர். எங்கள் பக்கத்துத் தொட்டி 30,000 லிட்டர், நாளைக்கு இரண்டு தடவை ஏற்றினால் 60,000. இப்போது அதில் குடிப்பவர்கள் 800 பேர், அவர்களுக்கே 44,000 வேண்டும். மிச்சம் 16,000. "குறையற 9,960 லிட்டரை யார் வீட்டுக் குழாய்லேருந்து எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். தொட்டி ஆபரேட்டர் தம்பி பின்னாலிருந்து, "அக்கா, கோடையில ரெண்டு தடவை ஏறாது, ஒண்ணுதான்" என்றான். அது நான் எழுதி வைக்காத வரி, ஆனால் அன்றைக்கு அதுதான் வேலை செய்தது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கும், கேளுங்கள். எங்கள் தலைவர் கெட்டவர் கிடையாது. "118 வீடு வந்தா வீட்டு வரி வரும், ஊராட்சிக்கு வேற என்ன வருமானம் இருக்கு?" என்றார். வீடு வந்தால்தானே வரி? பக்கத்து ஊரில் மனை போட்டுப் பல வருஷம் ஆகிறது, கருவேலங்காட்டுக்கு நடுவில் நாலு வீடுதான். தெருவிளக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே எரிகிறது, பில் ஊராட்சிக்கு. இதைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. ஓர் உறுப்பினரின் மச்சான் நிலம் அதில் இருந்தது. அவரை எதிரியாக்காமல், "நீங்க இதுல பேசாம இருந்துட்டா நல்லா இருக்கும் அண்ணே" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டேன். அந்தப் பொருள் வந்தபோது எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

பெண் உறுப்பினர்களுக்கு ஒன்று. ஐம்பது சதவீதம் நமக்கு ஒதுக்கீடு. "வீட்டுக்காரரை அனுப்புங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்று போன் வரும். எனக்கு மூன்று தடவை வந்தது. "அவருக்கு ஓட்டுப் போடலை, எனக்குத்தான் போட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் கொஞ்சம் சண்டைதான்.

தீர்மானத்தை எப்படி எழுத வைப்பது

எழுத்தில்தான் எல்லாம். செயலரே எழுதட்டும் என்று விட்டால் பழைய வாக்கியத்தை எடுத்துப் போடுவார். வாசகத்தை நீங்களே தயார் செய்து கொண்டு போங்கள். நாங்கள் கொண்டு போனது ஏறக்குறைய இப்படி இருந்தது, எண்ணை மாற்றி நீங்களும் எழுதிக்கொள்ளலாம்:

"இவ்வூராட்சியில் சர்வே எண் இன்னின்ன புலங்களில், ஒரே நுழைவுச் சாலையுடன் மூன்று விண்ணப்பங்களாக அளிக்கப்பட்டுள்ள மனைப்பிரிவின் மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ளதால், அவற்றை ஒரே மனைப்பிரிவாகக் கருதி, 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி திறந்தவெளி ஒதுக்கீட்டையும் நலிந்த பிரிவினருக்கான மனைகளையும் நிலமாகவே பெற வேண்டும் என்றும், மேற்படி புலங்களின் ஊடே செல்லும் அரசு புறம்போக்கு வடிகாலைப் புலப்படத்தில் கண்ட 4.2 மீட்டர் அகலத்துக்கு அளந்து கல் நட்ட பின்னரே ஒப்புதல் வழங்க வேண்டும் என்றும், சாலைகள் குறுக்கிடும் இடங்களில் குழாய்களுக்குப் பதிலாக முழு அகலப் பாலம் அமைக்க வேண்டும் என்றும், குடிநீருக்கென ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அமைக்கும் வரை சாலை ஒப்படைப்பைப் பெறுவதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

நீளமான வாக்கியம்தான். அலுவலகத்தில் இப்படி இருந்தால்தான் மதிப்பு. "எதிர்ப்பு" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது கையெழுத்து. பல ஊர்களில் வருகைக்கு என்று முதலிலேயே வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைச் சாவகாசமாகப் பிறகு எழுதுவார்கள். எனக்கே ஒருமுறை நான் கேள்விப்படாத தீர்மானம் என் கையெழுத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு, கடைசி வரி எழுதி முடியும்வரை நான் இடத்தை விட்டு எழுவதில்லை. எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்வேன். கடைசி எழுத்துக்குக் கீழே மிச்சக் காகிதத்தில் ஒரு சாய்கோடு போட்டு, கோட்டின் மேலேயே கையெழுத்தும் நேரமும். பிறகு போனில் ஒரு படம். செயலர் முதல் தடவை, "நம்பிக்கை இல்லையா அக்கா?" என்று வருத்தப்பட்டார். "நம்பிக்கை இருக்கு தம்பி, கண்ணுதான் சரியில்லை, வீட்ல போய் பெருசு பண்ணிப் படிச்சுக்கறேன்" என்றேன். உங்கள் கருத்து தோற்றுப்போனாலும் விடாதீர்கள், மாற்றுக் கருத்து என்று உங்கள் பெயரோடு பதியச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு

தீர்மானம் தானாக நடந்து போகாது. பிரதி எடுத்து, டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகம், ஆட்சியர், வட்டாட்சியர், நீர்வளத் துறை, வேளாண் இணை இயக்குநர் எல்லாருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் எனக்கு அதைவிட உபயோகமாக இருந்தது, ஏனென்றால் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டினால் அந்த இன்னொருத்தர் அங்கேயே இருப்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. காகிதத்தைக் கேளுங்கள்: விண்ணப்பத்தின் நகல், வரைபடத்தின் நகல், நீர்வளத் துறையின் கருத்து, வேளாண் துறை அறிக்கை, வட்டாட்சியர் அறிக்கை. எங்களுக்கு வந்த ஓர் அறிக்கையில், அந்த நிலத்தில் நீர்வழி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. நாங்கள் டேப் பிடித்த இடத்தில்! அந்தக் காகிதத்தையும் புலப்படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து மறுபடி ஒரு மனு. பிறகுதான் சர்வேயர் வந்தார்.

என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். மூன்று விண்ணப்பமும் திரும்பி, ஒன்றாகச் சேர்ந்து மறுபடி வந்தது. வடிகாலை அளந்து கல் நட்டார்கள். மூன்று பாலத்தில் இரண்டு முழு அகலத்துக்கு வந்தது, மூன்றாவதில் இன்னும் குழாய்தான். ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். நிலம் நஞ்சையாக நிற்கவில்லை. இரண்டு வருஷத் தரிசு அவர்களுக்குச் சாதகமாகப் போய்விட்டது, இசைவு கிடைத்துவிட்டது. அதில் தோற்றோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நலிந்தோர் மனைகள் வரைபடத்தில் இருக்கின்றன. கீழத்தெருவிலிருந்து யாரும் இன்னும் அதில் வாங்கவில்லை.

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவை ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த பிறகுதான் விற்க வேண்டும். நோட்டீஸில் பச்சைப் பெயிண்டில் போட்டிருக்கும் பூங்காவை அங்கீகரித்த வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

இப்போது எங்கள் ஊரில் மன்றம் இல்லை, தனி அலுவலர்தான். கிராம சபை மட்டும் நடக்கிறது. நான் உறுப்பினர் இல்லை, மற்றவர்களோடு பாயில் உட்காருகிறேன். தானமாக வந்த பூங்கா இடத்தை ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, மூன்றாவது கூட்டத்தில் பக்கத்தைக் காட்டினார்கள். அங்கே இன்னும் மரம் ஒன்றும் இல்லை. ஆடு மேய்கிறது. பக்கத்து மனைக்காரர் ஒருமுறை ஒரு முழம் தள்ளி வேலி போட்டார், பெரியப்பா போய்ப் பிடுங்கச் சொன்னார். நாலு மூலையிலும் கல், நடுவில் ஒரு தகரப் போர்டு, அதில் தானப் பத்திர எண்ணும் பரப்பும். வெயிலில் பெயிண்ட் உதிர்கிறது. எழுத்து மங்கினால் மறுபடி எழுத ஒரு டப்பா கருப்புப் பெயிண்டும் ஒரு பிரஷும் என் மெஷினுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.